இடப்பக்கம் இழுத்த சைக்கிள்

நானும் அப்பாவும் சேர்ந்து கடைசியாகச் செய்த சாதாரண வேலை, ஒரு முன்சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தது.

சைக்கிளைக் கூடத்தில் தலைகீழாக நிறுத்தியிருந்தோம். சீட்டுக்கு அடியில் அம்மாவின் பழைய போர்வை. முன்சக்கரத்தை இரண்டு காலால் பிடித்திருக்கும் ஃபோர்க்கைக் கழற்றிப் புதிது மாட்டியாகிவிட்டது. அப்பா சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ரிம்மை ஒட்டி ஒரு சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோணலான இடம் வரும்போது சாக்பீஸ் உரசும், வெள்ளைத் தீற்றல் விழும். தீற்றல் விழுந்த இடத்தின் கம்பியை நான் திருகுவேன். அவர் மறுபடி சுழற்றுவார். பேச்சே தேவைப்படாத வேலை. ஆனாலும் அவர் பேசினார்.

"போதும்மா இன்ஜினியரே. இதுக்கு மேல நேராச்சுன்னா சக்கரத்துக்கே தலைக்கனம் வந்துடும்."

"இடது பக்கமும் ஒரு தடவை பிடிங்க."

"பிடிச்சாச்சே."

அவர் அதுவரை வலது பக்கத்தில் மட்டுமே பிடித்திருந்தார். நான் மறுபடி சொன்னதும் கையை இடது பக்கம் கொண்டுபோனார். சாக்பீஸ் ரிம்மிலிருந்து ஒரு சாண் தள்ளிக் காற்றில் நின்றது. சக்கரம் சுழன்றது.

"பார்த்தியா, உரசவே இல்லை," என்றார்.

நான் சாக்பீஸை வாங்கி நானே பிடித்துப் பார்த்தேன். உரசவில்லைதான். சக்கரம் நேராக இருந்தது.

மறுநாள் காலை அணைக்குப் போய் வருவதாக இருந்தது. சைக்கிள் ஏன் இடப்பக்கம் இழுக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தால் அணைக்குப் போகலாம். சைக்கிளில் குறை இல்லையென்றால் அணை கிடையாது, டாக்டரிடம் போக வேண்டும். இது எங்களுக்குள் ஒப்பந்தம். அதை அவர் எப்படி நிறைவேற்றினார் என்பதைச் சொல்ல, அவர் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அப்பா சாலையில் கோடு போடுகிறவர். ஓரத்தில் நீளமாக ஓடும் வெள்ளைக் கோடும் நடுவில் விட்டுவிட்டு வரும் கோடும் அவர் வேலை. வெள்ளைப் பொடியைக் கொப்பரையில் உருக்கி, தள்ளுவண்டி போன்ற ஒரு இயந்திரத்தில் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முன்னதாகவே நூல் பிடித்துச் சுண்ணாம்புப் புள்ளி வைத்திருப்பார்கள். புள்ளியிலிருந்து புள்ளிக்கு ஒரே நடை. நின்றால் கோடு தடிக்கும், அவசரப்பட்டால் மெலியும். குழுவில் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர். கொப்பரையைப் பார்த்துக்கொண்டவர் சூட்டுக்காரர். இருவருக்கும் வீட்டில் வைத்த பெயர்கள் உண்டு. சம்பள நாளைத் தவிர மற்ற நாட்களில் யாருக்கும் அவை தேவைப்படவில்லை.

கல்யாணப் பேச்சு நடந்தபோது அவரை ரோடு போடுகிறவர் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா அங்கேயே திருத்தினாராம். "ரோடு இல்லீங்க, அது மேல கோடு மட்டும்." அம்மா இதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டினாள். "அன்னைக்கே தெரிஞ்சுது எனக்கு, இந்த மனுஷனுக்குச் சும்மா இருக்கத் தெரியாதுன்னு."

வார நாட்களில் போட்ட கோட்டை விடுமுறையில் சைக்கிளில் போய்ப் பார்ப்பார். வேலை நாளில் அந்தச் சாலை அவருக்குக் காலடியில் ஒரு முழ நீளம்தான். முழுதாக அதைப் பார்க்கச் சைக்கிள் வேண்டும் என்பார். பின்சீட்டில் ஒரு தலையணையைக் கட்டி என்னை உட்காரவைத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். நான் தூங்கி விழுந்துவிடாமல் இருக்க என்னைத் தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொள்வார். கால் எட்டியதும் எனக்குத் தனிச் சைக்கிள். அதன் பிறகு அவர் என்னைக் கூட்டிப்போகவில்லை. நாங்கள் சேர்ந்து போனோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அப்போதே நான் அறிந்திருந்தேன்.

விடியும் முன் கிளம்புவோம். ஊர் முடியும் இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவோம். பிறகு மூச்சும் செயினும்தான். எதிர்க்காற்றை முன்னால் போகிறவர் வாங்கிக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறவர் அவர் முதுகுக்குள் ஒளிந்துகொள்ளலாம். பாதி வழியில் இடம் மாறிக்கொள்வோம். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. வளைவு வரும்போது ஒரு மணி அடிப்பார். பின்னால் இருப்பவர் ஒரு மணி அடித்துப் பதில் சொல்வார். இருக்கிறேன் என்று அர்த்தம். முதல் மலையேற்றத்தில் நான் அழுதுகொண்டே மிதித்தேன். அவர் திரும்பவில்லை. மணி அடித்தார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மணி அடித்தேன். உச்சியில் இறங்கி நின்றபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மணி மட்டும் நல்லாத்தான் சிரிச்சுது" என்றார்.

அம்மாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. "அங்க என்ன வச்சிருக்கீங்க? போறீங்க, தண்ணி குடிக்கறீங்க, திரும்பி வர்றீங்க. அதை இங்கயே குடிச்சா என்ன?"

எங்களுக்குள் ஒரு விளையாட்டும் இருந்தது. அதற்குத் திருடன் என்று பெயர். ஒருவர் மற்றவர் சைக்கிளில் ரகசியமாக ஒரு குறையை வைத்துவிட வேண்டும். ஓட்டும்போது வரும் சத்தத்தையும் நடுக்கத்தையும் வைத்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா ஒருமுறை என் சீட்டுக் குழாய்க்குள் கோலிக்குண்டைப் போட்டுவைத்தார். நான் அவர் பெடலின் பேரிங்கில் மணல் வைத்தேன். வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது ஒரு திருடன் இருப்பான். விதிகள் உண்டு. பிரேக்கில் கை வைக்கக் கூடாது. கண்டுபிடிக்கும்வரை வைத்தவர் வாய் திறக்கக் கூடாது. கண்டுபிடித்ததும் "பிடிச்சுட்ட" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கழற்றி ஒளித்த நல்ல பாகத்தை வைத்தவரே தன் கையால் திரும்ப மாட்ட வேண்டும்.

தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அக்கா எங்கள் இருவருக்கும் கூட்டாளி. பழைய பாகங்கள் அவளிடமிருந்துதான் வரும். இரண்டு பக்கமும் வேலை பார்ப்பாள், ஒரு பக்கத்து ரகசியத்தை இன்னொரு பக்கம் சொல்ல மாட்டாள்.

என் இன்றைய வேலைக்கு இந்த விளையாட்டுதான் வேர் என்று நினைக்கிறேன். தொழிற்சாலைகளில் சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளந்து, குறை எங்கே என்று சொல்வது என் வேலை. மின்விசிறியா, தண்டா, பேரிங்கா, அடித்தளமா என்று பார்ப்பேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது அதில் முதல் பாடம். வேலை பக்கத்து ஊரில். வார இறுதியில் வீட்டுக்கு வருவேன்.

அப்படி வந்த ஒரு நாளில் சூட்டுக்காரர் வாசலில் காத்திருந்தார். உள்ளே வரமாட்டேன் என்றார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார்.

"கோட்டுக்காரர் கோடு சாயுதும்மா," என்றார் மெதுவாக.

"எப்படி?"

"இடப்பக்கமா. கொஞ்சம் கொஞ்சமா. புள்ளி கண்ணு முன்னால இருக்கு, அதை விட்டுட்டு மண்ணுக்கு இறங்கறார். அணை ரோட்டுல ரெண்டு இடத்துல சுரண்டி எடுத்துட்டு மறுபடி போட்டோம். இப்ப நான் இடது பக்கமா கூடவே நடக்கறேன். மெஷினைக் கையால தாங்கிக்கறேன்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். மெஷின் சக்கரம் தேஞ்சிருக்குன்னார். மாத்தினோம். திரும்பவும் சாயுது." அவர் என்னைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தார். "மேல தெரிஞ்சா வேலையை விட்டு எடுத்துருவாங்க. நீ பார்த்துக்கோ பாப்பா."

அன்றைக்குச் சாப்பிடும்போது கவனித்தேன். அப்பா தட்டில் வலது பாதியைச் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். இடது பாதி அப்படியே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லா இருக்கும்," என்றார்.

அம்மா தட்டை அரைச்சுற்றுத் திருப்பி வைத்தாள். அவர் மிச்சத்தைச் சாப்பிட ஆரம்பித்தார்.

"எத்தனை நாளா இப்படி?" என்று அம்மாவை அடுப்படியில் கேட்டேன்.

"கொஞ்ச நாளாத்தான். வயசாச்சுன்னா மனுஷனுக்குச் சோம்பேறித்தனம் வரும். இடது கன்னத்துல சவரமும் பண்றதில்ல. யாருக்குப் பாதி மூஞ்சின்னு கேட்டேன், உனக்குத்தான்னார்." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு முழுதாக வரவில்லை. "தட்டைத் திருப்பி வச்சா சாப்பிட்டுர்றார்டீ. அவ்வளவுதானே?"

மறுநாள் ஊருக்கு வெளியே சிறிய சுற்று ஒன்று போனோம். வேண்டுமென்றே முழு வழியும் பின்னால் போனேன். அவர் சைக்கிள் இடப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. டயர் மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டு வலப்பக்கம் இழுப்பார். கொஞ்ச தூரம் நேராகப் போகும். மறுபடி மண். நான் மணி அடித்தேன். பதிலுக்கு அடித்துவிட்டு, திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற விதியை மீறித் திரும்பினார். வலப்பக்கமாக.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "வண்டி இடப்பக்கம் இழுக்குது."

"ஆமா, எனக்கும் தெரியுது."

"ஒண்ணு வண்டியில குறை. இல்லன்னா உங்ககிட்ட."

"வண்டிதான்."

"அப்ப இப்பவே கழட்டிப் பார்ப்போம். நான் ஓட்டிப் பார்க்கறேன்."

அவர் சைக்கிளுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். "இன்னைக்கு வேண்டாம். கால் வலிக்குது. அடுத்த வாரம் பாரு."

"பார்க்கற வரைக்கும் அணை கிடையாது."

அணைச் சாலை முழுக்க அந்த வருடம் அவர் போட்ட கோடு. வேலை முடிந்த நாளிலிருந்து அதைப் பற்றித்தான் பேச்சு. நானும் அவரும் அதன் மேல் ஓட்டிப் போக வேண்டும். வேறெதையும் அவர் இந்த அளவுக்கு என்னிடம் கேட்டதில்லை.

"வண்டியில குறை இருந்தா?" என்றார்.

"சரி பண்ணிட்டு அணைக்குப் போறோம்."

"இல்லன்னா?"

"டாக்டர்கிட்ட போறோம். அணை அப்புறம்."

கொஞ்ச நேரம் ஹேண்டில் பாரைத் தடவிக்கொண்டிருந்தார். "நியாயம்தான்," என்றார்.

அடுத்த வாரம் வந்தபோது சைக்கிள் துடைத்துத் தயாராக இருந்தது. முதலில் நானே ஏறி ஓட்டினேன். தெரு முனை போவதற்குள் தெரிந்துவிட்டது. உண்மையாகவே இழுத்தது. கையைத் தளர்த்தினால் இடப்பக்கம் போயிற்று. எனக்குள் ஏதோ அவிழ்ந்து விழுந்தது போலிருந்தது. திரும்பி வந்து அவசரமாகக் கழற்றினேன். ஃபோர்க்கின் ஒரு கால் மற்றதைவிடப் பின்னால் மடங்கியிருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, நூல் பிடித்தால் தெரியும். நூல் பிடித்தேன். தெரிந்தது.

"இதோ!" என்று கத்தினேன். "அப்பா, ஃபோர்க்கு! வளைஞ்சிருக்கு!"

அப்பா குனிந்து பார்த்தார். நான் குதிப்பதைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது, கூடவே வேறொன்றும் இருந்தது. எதையோ சொல்ல வாய் எடுத்தார்.

"பி..." என்று ஆரம்பித்து, "பின்ன, நான் சொன்னேன்ல?" என்று முடித்தார்.

ஃபோர்க்கில் புது பெயிண்ட் வாசனை அடித்தது. அப்பா மேல் எப்போதும் அடிக்கும் வாசனை அது. எங்கள் வீட்டில் அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அக்காவிடம் பழையதுதான் இருக்கும் என்று, கடைத்தெருவில் வேறொரு கடையில் புது ஃபோர்க் வாங்கி வந்தேன். அன்று மாலைதான் அந்தச் சாக்பீஸ்.

அணைக்கு விடியும் முன் கிளம்பினோம். முதல் பாதியில் நான் முன்னால். நல்ல காற்று, ஆனால் எதிர்க்காற்று இல்லை. வானம் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தது. அணைச் சாலை ஆரம்பித்ததும் கோடு வந்தது. புதிதாக, தடித்து, வெள்ளையாக. அதன் மேல் டயர் ஏறும்போது சத்தமே மாறிற்று. வளைவில் மணி அடித்தேன். பதில் வந்தது. அடுத்த வளைவில் பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது.

பாதி வழியில் மாறிக்கொண்டோம். அவர் முன்னால் போனார். நான் அவர் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

சக்கரம் கோட்டின் மேல் இருந்தது. பிறகு கோட்டின் இடது விளிம்பில். பிறகு கோட்டுக்கு வெளியே. பிறகு மண்.

புது ஃபோர்க். நேரான சக்கரம். முந்தின நாள் என் கையால் இறுக்கிய ஒவ்வொரு நட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. மாற்றாதது ஒன்றுதான் மிச்சம், அது எனக்கு முன்னால் முதுகைக் காட்டி மிதித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில், பழைய தார் தெரியும்படி கோடு சுரண்டப்பட்ட ஓர் இடம் கடந்து போயிற்று. அதையடுத்து ஒரு சின்னப் பாலம். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் இடிந்திருந்தது.

"அப்பா, நிறுத்துங்க!"

நிறுத்தினார். பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்தினார். ஒரு கால் மண்ணில் இருந்தது. மண்ணுக்கு அடுத்தபடி ஒன்றும் இல்லை, கீழே வாய்க்கால். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

இறங்கி அவர் சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றினேன். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி.

"இன்ஜினியர் என்ன சொல்றீங்க?"

"வண்டி நல்லா இருக்குப்பா."

கிண்டல் பண்ணுவார் என்று நினைத்தேன். பண்ணவில்லை. தண்ணீர் பாட்டிலைத் தேடினார். அது சைக்கிளின் இடது பக்கப் பையில் இருந்தது. அவர் வலது பக்கப் பை முழுக்கத் துழாவினார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

"அதோ தெரியுது பாரு அணை," என்றார் குடித்துவிட்டு. "இவ்வளவு தூரம் வந்துட்டு தொடாம போனா நல்லா இருக்காது. தொட்டுட்டு சூட்டுக்காரனைக் கூப்பிடுவோம், லாரியைக் கொண்டு வரட்டும். நாளைக்கு உன் டாக்டர். போதுமா?"

"நான் இடது பக்கம் வருவேன்."

"வா."

அவருக்கும் சாலையோரத்துக்கும் நடுவில் என் சைக்கிளைப் புகுத்திக்கொண்டேன். என் டயர் பாதி மண்ணில். அவர் சாயும்போதெல்லாம் அவர் முழங்கை என் தோளில் இடிக்கும். நான் தள்ளுவேன். நேராவார். அப்படியே போனோம். அணை பெரிதாகிக்கொண்டே வந்தது. கறுத்த வானம் அதற்கு மேல் இருந்தது.

அவர் மணி அடித்தார். வளைவே இல்லை. நான் பதிலுக்கு அடித்தேன்.

"எங்கம்மா இருக்க?"

"பக்கத்துல."

அவர் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே வெறும் சாலை.

"பக்கத்துலன்னா எங்க?"

"இங்கதான்பா. இடது பக்கம். இடிச்சுக்கிட்டுத்தானே வர்றீங்க."

கொஞ்ச தூரம் மிதித்தார். "சத்தம் வருது," என்றார். "ஆள்தான் காணோம்." பிறகு, நான் பயந்துவிடக் கூடாது என்பது போல, "மணி மட்டும் நல்லாத்தான் சிரிக்குது," என்றார்.

அணையைத் தொட்டோம். உண்மையிலேயே இறங்கிப் போய்ச் சுவரில் கை வைத்தார். சூட்டுக்காரர் குழுவின் லாரியோடு வந்தார். சைக்கிள்களை மேலே ஏற்றி, அப்பாவை நடுவில் உட்காரவைத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஒரு கீறல்கூட இல்லை. அம்மா எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தண்ணி அங்க நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். ஆபத்து பின்னால் போய்விட்டது என்று நினைத்தேன். அணைச் சாலை, இடிந்த சுவர், வாய்க்கால் எல்லாம் முடிந்தது. டாக்டருக்குச் சொல்லிவிட்டேன். மறுநாள் முற்பகல் வரச் சொன்னார்கள்.

"அதுவரைக்கும் சைக்கிள்ல ஏறக் கூடாது," என்றேன்.

"ஏற மாட்டேன்."

"தெருவுலகூட."

"ஏறவே மாட்டேன்மா. வாக்கு."

மறுநாள் காலை நான் விடுப்புக்காகத் தொழிற்சாலையோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை வெளியே எடுத்ததை அம்மாதான் பார்த்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? ஏறக் கூடாதுன்னு உங்க மக சொல்லியிருக்காளே."

"ஏறலையே. தள்ளிக்கிட்டுத்தான் போறேன். நடக்கறதுக்குமா தடை போட்டிருக்கா?"

"டாக்டர்கிட்ட போகணும்."

"கடை வரைக்கும் ஒரு சின்ன வேலை. முடிச்சுட்டு வந்து அவகிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்கப்புறம் டாக்டர் என்ன வேணா சொல்லட்டும்."

அவர் வாக்கைக் காப்பாற்றினார். ஏறவில்லை. தள்ளிக்கொண்டே போய், கடைக்கு எதிரே சாலையைக் கடக்க நின்றார். அங்கே நடப்பவர்களுக்கான வெள்ளைப் பட்டைகள் உண்டு. அவை அவர் போட்டவை அல்ல, வேறொரு குழுவின் வேலை. விளிம்பு பிசிறடித்திருக்கும். எப்போது கடந்தாலும் அதைத் திட்டுவார்.

எதிரே நின்றவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "பார்த்துட்டுத்தாங்க இறங்கினார். நல்லா நின்னு, தலையைத் திருப்பிப் பார்த்துட்டுத்தான் இறங்கினார்." வலப்பக்கம் பார்த்திருக்கிறார். வலப்பக்கம் எதுவும் வரவில்லை. பாதிச் சாலையை நிதானமாகக் கடந்தார். வேன் இடப்பக்கமிருந்து வந்தது. ஓட்டுநர் ஹார்ன் அடித்திருக்கிறார். அப்பாவுக்கு அது கேட்டிருக்கிறது. அதைத் தேடி வலப்பக்கம் திரும்பினாராம்.

நான் போய்ச் சேர்ந்தபோது சைக்கிள் அப்படியே கிடந்தது. அதன் இடது பக்கமாக நடந்தவர் அவர். அடி முழுவதையும் அவர் வாங்கிக்கொண்டார். யாரோ அதை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார்கள். முன்சக்கரம் மெல்லச் சுழன்றது. கோட்டமே இல்லை.

தலையின் வலப்புறம் ஒரு கட்டி இருந்தது என்று பிறகு சொன்னார்கள். "கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றார் டாக்டர். "இடது பக்கம்னு ஒண்ணு இருக்குங்கறதே அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமா இல்லாம போயிருக்கும். இல்லாத ஒண்ணை யாரும் தேட மாட்டாங்கல்ல."

அம்மா இன்னும் சாப்பிடும்போது, பாதியில், தன் தட்டைத் திருப்பி வைக்கிறாள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு கடைக்குப் போனேன். சைக்கிள் கடை அக்கா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, உத்தரத்து ஆணியிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒரு நீளப் பொட்டலத்தை எடுத்தாள்.

"இதை எடுக்கத்தான் வந்தார்மா அன்னைக்கு."

பிரித்தேன். ஃபோர்க். அப்பாவின் பழைய ஃபோர்க். இத்தனை வருடம் நான் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்த அதே கீறல்கள். கழுத்தில் ஒரு சொட்டு வெள்ளைக் கோட்டுப் பெயிண்ட்.

"அப்ப அந்த வளைஞ்சது?"

"குப்பையில கிடந்ததும்மா. எதுலயோ மோதின வண்டியோடது. அதைப் போட்டுக் கொடுன்னு கேட்டார். பெயிண்ட் அவரே அடிச்சுக்கிட்டார். திருடனா அண்ணேன்னு கேட்டேன். ஆமான்னார்." அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் எப்பவும் பண்றதுதானே? நான் சிரிச்சுக்கிட்டே மாட்டிக் கொடுத்தேன்."

நான் ஃபோர்க்கைக் கையில் திருப்பிப் பார்த்தேன்.

"அணையில இருந்து வந்த அன்னைக்குச் சாயந்திரம் போன் பண்ணார். பிடிச்சுட்டாளான்னு கேட்டேன். அப்பவே பிடிச்சுட்டா, நான்தான் இன்னும் சொல்லலைன்னார். நாளைக்குக் காலைல வண்டியோட வர்றேன், பழசை எடுத்து வை, நானே மாட்டணும், நீ கை வைக்காதன்னார். கடை திறக்கறதுக்கு முன்னாலயே வந்துடுவேன்னும் சொன்னார்."

கடையில் நூல் இருந்தது. நூல் பிடித்துப் பார்த்தேன். நேராக இருந்தது.

"எடுத்துட்டுப் போறியாம்மா?"

செய்தித்தாளை முன்பு இருந்தது போலவே சுற்றிக் கொடுத்தேன். அக்கா அதை வாங்கி மறுபடி உத்தரத்து ஆணியில் மாட்டினாள். அவர் வந்து எடுக்க வேண்டியது அது.